ஆலை முதலாளிகள் கட்டிய ஊர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. அதைவிடப் புகைக்கும் அழுக்குக்கும் அதிகம் பெயர் பெற்றிருந்தது எனலாம். ஆலைத் தொழிலாளர்கள் ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்தனர். கழிவுநீர் கலந்த நீரையே பலர் குடித்தனர். 1849ஆம் ஆண்டு காலரா பரவியபோது நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அந்நகரில் மேயராக இருந்தவர் டைட்டஸ் சால்ட். அல்பாக்கா என்னும் விலங்கின் உரோமத்திலிருந்து துணி நெய்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர் நகருக்கு வெளியே ஏர் ஆற்றங்கரையில் புதிய ஆலையொன்றைக் கட்டினார். அது 1853ஆம் ஆண்டு, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று திறக்கப்பட்டது. ஆலையைச் சுற்றித் தொழிலாளர்களுக்காக 800க்கும் மேற்பட்ட கல்வீடுகள் எழுந்தன. தம் பெயரையும் ஆற்றின் பெயரையும் இணைத்து ஊருக்குச் 'சால்டேர்' என்று பெயரிட்டார். தெருக்களுக்குத் தம் மனைவி, மக்களின் பெயர்களைச் சூட்டினார்.

வீடுதோறும் தண்ணீரும் எரிவாயு விளக்கும் தனிக் கழிப்பறையும் இருந்தன. அக்காலத் தொழிலாளிக்கு இவை எட்டாக்கனிகள். பள்ளி, மருத்துவமனை, நூலகம், பூங்கா, முதியோருக்கான இல்லங்கள் ஆகியவையும் அமைந்தன. மதுக்கடை மட்டும் இல்லை. சால்ட் அதை அனுமதிக்கவில்லை. வீடுகளும் ஒரே அளவில் இல்லை. மேற்பார்வையாளருக்குப் பெரிய வீடு, சாதாரணத் தொழிலாளிக்குச் சிறிய வீடு.

வசதிகள் பல இருந்தாலும் ஒன்றை மறந்துவிட முடியாது. அவ்வீடுகள் தொழிலாளர்களுக்குச் சொந்தமானவை அல்ல. சம்பளம் கொடுப்பவரே வாடகையும் வாங்கினார். முதலாளி நல்லவராக இருக்கும்வரை இதனால் சிக்கல் எழாமல் இருக்கலாம். தொழில் நொடித்துப் போனால் என்ன ஆகும்?

இதற்கான விடை அமெரிக்காவில் கிடைத்தது. தூங்கும் வசதி கொண்ட இரயில் பெட்டிகளைத் தயாரித்த ஜார்ஜ் புல்மன், 1880களில் சிக்காகோ அருகே தம் பெயரிலேயே அழகான ஊரொன்றை அமைத்தார். 1893ஆம் ஆண்டு பொருளாதாரம் சரிந்ததும் தொழிலாளர்களின் ஊதியத்தைக் குறைத்தார். வாடகையையோ ஒரு காசுகூடக் குறைக்கவில்லை. கைக்கு வந்த ஊதியத்தில் வாடகை போக, அடுப்பெரிக்கவே வழியில்லாமல் குடும்பங்கள் திண்டாடின. 1894ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வெடித்தது. இரயில் தொழிலாளர்கள் ஆதரவு தரவே, நாட்டின் பல பகுதிகளில் இரயில்கள் ஓடவில்லை. அரசாங்கம் இராணுவத்தை அனுப்பியது, உயிர்கள் பலியாயின. பின்னர் 1898இல், ஆலைக்குத் தேவையற்ற வீடுகளை நிறுவனம் விற்றுவிட வேண்டுமென இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கிலாந்தில் சாக்லெட் தயாரித்த ஜார்ஜ் கேட்பரி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். பர்மிங்ஹாம் அருகே அவர் உருவாக்கிய போர்ன்வில்லில் வீடுதோறும் தோட்டம் இருந்தது, பழமரங்களும் நடப்பட்டன. தம் தொழிற்சாலையில் வேலை செய்யாதவர்களும் அங்குக் குடியேறலாம் என்றார். 1900ஆம் ஆண்டு, 300க்கும் மேற்பட்ட வீடுகளையும் நிலத்தையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அதன்பின் வேலை கொடுப்பவர் ஒருவராகவும் வீட்டுக்குப் பொறுப்பானவர் வேறொருவராகவும் ஆயினர். அந்த அறக்கட்டளை இன்றும் அங்கே இயங்கி வருகிறது.