கழுத்தில் நெறி கட்டினால் சர்க்கரை உருண்டை போதுமா?

போடிநாயக்கனூரில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய வீடு திரும்பி உலை வைக்கிறவளுக்கு உடம்பு அசந்துபோவதில் அதிசயமில்லை. அதனால்தான், "கழுத்துல நெறி கட்டிருக்கு மதினி, ஒரே அசதியாவும் இருக்கு" என்றால், "ஓமியோபதி உருண்டை நாலு வாங்கிப் போட்டுக்க, கெடுதல் ஒண்ணும் இல்ல" என்று சுலபமாகப் பதில் வந்துவிடுகிறது.

உருண்டை கெடுதல் செய்யாதுதான். அதை நம்பி இரண்டு மாதம் காத்திருப்பது செய்யலாம்.

நெறிக்கு வழக்கமாகத் தருவது கல்கேரியா கார்ப், சிலிசியா போன்றவை. முன்னது சிப்பி ஓட்டிலிருந்து செய்வது. புட்டியில் '30' என்று போட்டிருந்தால், ஒரு பங்கு சரக்கை 99 பங்கு திரவத்தில் கலந்து, அதில் ஒரு பங்கை மறுபடி 99-ல் கலந்து, இப்படி 30 தடவை செய்தது என்று பொருள். சிப்பியின் ஓர் அணுகூட மிஞ்ச வழியில்லை! ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-இல் ஆய்வுகளை அலசிப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

"எனக்குக் கேட்டுச்சே!" என்பீர்கள். சளி, தொண்டைப் புண், பேனைச் சொறிந்து குழந்தை தலையில் வந்த புண் இவற்றால் கட்டும் நெறி, காரணம் ஆறியதும் சில வாரத்தில் பெரும்பாலும் தானே வற்றிவிடும். பெயரை உருண்டை தட்டிக்கொண்டு போகும்.

இரண்டு, மூன்று வாரமாகியும் வற்றாமல், வலியில்லாமல் வளர்ந்து, கூடவே சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு என்றால் காசநோயாக இருக்கலாம். பாட்டிமார் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். இருமலே இல்லாமலும் வரும். நெறியில் ஊசி போட்டுத் துளி எடுத்துச் சோதிப்பார்கள். பெரும்பாலோருக்கு ஆறு மாத மாத்திரையில் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கென்று 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவி, 2024 நவம்பரில் 1,000 ஆனது.

புதருக்குள் வேலை செய்பவர்கள் உண்ணிக் காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. கடுங்காய்ச்சல், தலைவலி, நெறி. சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த, வலியில்லாத பொருக்கு. அது மார்புக்கு அடியில், அக்குளில், பாவாடை நாடா கட்டும் இடத்தில் என்று மறைவாக இருப்பதால் நம் பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. டாக்டரிடம் என்னம்மா கூச்சம்? டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கிற காய்ச்சல் இது. தாமதித்தால் நுரையீரல், மூளைவரை தாக்கும்.

அக்குளில் கெட்டியாகக் கட்டி தட்டுப்பட்டால் மார்பையும் காட்டிவிடுங்கள். காறை எலும்புக்கு மேலே நெறி தெரிந்தால் நாள் தள்ளவே வேண்டாம். நெறியில்லாத வெறும் அசதிக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த உருண்டைப் புட்டியையும் எடுத்துப் போங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார்.