டி.ஓ. மருத்துவப் படிப்பு: முதல் இரண்டு ஆண்டுகளில் நடப்பது என்ன?

பருத்தித்துறையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில், மருத்துவபீடத்துக்கு இஸட் புள்ளி எட்டுமா என்ற பேச்சு ஓயாது. அமெரிக்காவில் சொந்தக்காரர் இருந்தால், 'டி.ஓ. படிக்கலாமே' என்ற யோசனையும் வரும். டி.ஓ. என்பது ஒஸ்ரியோபதி மருத்துவப் பட்டம். ஒஸ்ரியோபதி என்றதும் நம்மூர் முறிவு நெரிவு வைத்தியம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது வேறு, இது வேறு.

அமெரிக்காவில் டி.ஓ. முடித்தவர் முழு மருத்துவர். எம்.டி. முடித்தவரைப் போலவே மருந்து எழுதுவார், சத்திரசிகிச்சை செய்வார். இரண்டு பட்டங்களுக்கும் உரிமை ஒன்றே. இலங்கையில் எம்.பி.பி.எஸ். முடித்தவரும் கைதடியில் சித்த மருத்துவம் முடித்தவரும் வெவ்வேறு சபைகளில் பதிவாகி, வெவ்வேறு உரிமைகளோடு தொழில் செய்வதை அறிந்த நமக்கு இது சற்றுப் புதிதாகத்தான் இருக்கும்.

ஒஸ்ரியோபதி மருத்துவத்தைத் தொடக்கியவர் அன்ட்ரூ ரெய்லர் ஸ்ரில். 1864இல் மூளைச்சவ்வு அழற்சி அவரது வீட்டில் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்தவர், உடலின் அமைப்பிலேயே நோயின் காரணத்தைத் தேடினார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் திறந்தார்.

படிப்பு நான்கு ஆண்டுகள். உயர்தரம் முடித்த கையோடு சேர முடியாது. பொதுவாக முதலில் ஒரு பட்டம், பிறகு எம்கற் என்ற மருத்துவக் கல்லூரி அனுமதிப் பரீட்சை. முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் விரிவுரை மண்டபத்திலும் ஆய்வுகூடத்திலும் கழிகின்றன. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனம், நோயியல், மருந்தியல் என்று பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இதில் உடற்கூற்றியலுக்குத் தப்பியவர் எங்கும் இல்லை. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன்கூட, கிரேயின் உடற்கூற்றியல் நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் தமிழாக்கி வெளியிட வேண்டியிருந்தது.

இவற்றுக்கு மேல் டி.ஓ. மாணவர் ஏறத்தாழ 200 மணித்தியாலம் கைப்பயிற்சி பெறுகிறார். சோடி சோடியாகப் பிரிந்து, ஒருவர் மேசையில் படுக்க மற்றவர் முள்ளந்தண்டு, இடுப்பு, விலா என்று தொட்டுப் பார்ப்பார். தசை எங்கே இறுகியிருக்கிறது, மூட்டு எந்தப் பக்கம் அசைய மறுக்கிறது என்பதை விரலால் அறியப் பழகுவார். பிறகு இடம் மாறுவார்கள். கருவிகளை நம்பி நோயாளியைத் தொடாமலே அனுப்பும் இக்காலத்தில், எல்லா மருத்துவபீடங்களும் கைக்கொள்ள வேண்டிய பயிற்சி இது என்பேன். ஆனாலும், கைமுறைச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் சான்று ஒரே அளவில் இல்லை. கீழ்முதுகு வலிக்கு ஓரளவு உண்டு. மண்டையோட்டை மெல்ல அழுத்தி நோய் தீர்க்கலாம் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை.

இரண்டாம் ஆண்டு முடிவில், டி.ஓ. மாணவருக்கான உரிமத் தேர்வாகிய கொம்லெக்ஸின் முதற்கட்டம் வரும். 2022 முதல் இதற்குப் புள்ளி கிடையாது, சித்தி அல்லது சித்தியின்மைதான். அதன் பிறகே வைத்தியசாலைப் பயிற்சி தொடங்குகிறது.

பெற்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரித்தானியாவில் 'ஒஸ்ரியோபத்' என்று பதிவு பெற்றவர் கைமுறைச் சிகிச்சையாளர். அந்தப் பதிவு மருந்து எழுதும் உரிமையைத் தராது. கனடாவின் தனியார் கல்லூரிகளில் கைமுறை ஒஸ்ரியோபதி படித்தவரும் அவ்வாறே மருத்துவர் ஆகமாட்டார். அமெரிக்காவின் அங்கீகாரம் பெற்ற டி.ஓ. கல்லூரிகள் அமெரிக்காவில்தான் இருக்கின்றன. முகவரிடம் முற்பணம் கட்டுமுன் கல்லூரியின் பெயர் அந்த அங்கீகாரப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். பிள்ளை ஊர் திரும்பித் தொழில் செய்ய விரும்பினால், இலங்கை மருத்துவச் சபையிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.