பழைய படகு இயந்திரமும் அதற்கேற்ற உந்துவிசிறியும்

படகின் வேகம் இயந்திரத்தின் குதிரைவலுவினாலேயே அமைகின்றது என்பது பலரது எண்ணம். இயந்திரம் எத்துணை வலுவுடையதாயினும், அவ்வலு நீரைச் சென்றடைவது அதன் அடியிலே சுழலும் சிறியதோர் உலோக விசிறியின் வழியாகவே. புரொப்பெல்லர் எனப் பொதுவாக வழங்கும் இவ்வுந்துவிசிறி படகுக்குப் பொருந்தாதாயின், நல்ல இயந்திரமும் வீணே எரிபொருளைக் குடிக்கும். நாளடைவில் தானும் பழுதுறும். இலங்கையில் மண்ணெண்ணெயின் விலை 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, கடற்றொழிலாளர் பலர் படகைக் கரையிலே விட்டுவைக்க நேர்ந்தது. அத்தகைய நிலையில், விசிறியைத் தெரிந்தெடுத்தல் குடும்பத்தின் வருவாயைத் தொடும் காரியமாகின்றது.

படகின் பின்பலகையிற் பூட்டிக் கழற்றக்கூடிய வெளியிணைப்பு இயந்திரத்தை, அமெரிக்காவிலே ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று இலங்கைக் கரையோரமெங்கும் பதினெட்டடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகுகளிலே இவ்வியந்திரமே பெரிதும் காணப்படுகின்றது. இவற்றுட் பல, கைமாறிக் கைமாறி வந்த பழைய இயந்திரங்கள். முதலில் வந்த விசிறி பாரில் மோதி உடைந்தபின், கையில் அகப்பட்ட வேறொன்றைப் பூட்டித் தொழிலுக்குப் போவதும் உண்டு. அச்சிலே ஏறிவிட்டது என்பதனால் அவ்விசிறி பொருத்தமானது என்று கொள்ளலாகாது.

விசிறியொன்றின் குடத்திலே இரண்டு எண்கள் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். 10 × 9 என்றிருப்பின், முதலெண் விட்டத்தை அங்குலத்திற் குறிக்கும்; அது நடுவிலிருந்து இதழின் நுனிவரையுள்ள தூரத்தின் இருமடங்கு. இரண்டாம் எண் புரியிடைத் தூரம் எனப்படும். மரத்திலே திருகாணி ஒருமுறை திரும்பும்போது எவ்வளவு உட்செல்கின்றதோ, அதுபோல விசிறி ஒருமுறை சுழலும்போது முன்னேற வேண்டிய தூரமே இது. ஆயினும் நீர் மரத்தைப்போல் உறுதியானதன்று. இதழுக்கு இடங்கொடுத்து நழுவும். ஆதலின் படகு கணக்கிட்ட தூரத்திலும் குறைவாகவே செல்லும். இக்குறைவை நழுவல் என்பர்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுழல்கின்றது. பற்சில்லுகள் அதனைப் பாதியாக்கி விசிறிக்கு 2,500 சுற்று அளிக்கின்றன. விசிறியின் புரியிடைத் தூரம் 10 அங்குலமாயின், நிமிடத்துக்கு 25,000 அங்குலம், அதாவது ஏறக்குறைய 635 மீற்றர் செல்லவேண்டும். இது மணிக்கு இருபது கடல்மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகம். நழுவலினாலே காற்பங்கு குறையுமாயின், கிடைப்பது பதினைந்து கடல்மைல் அளவே. படகு பாரமாயிருக்குந்தோறும் நழுவல் மிகும்.

அவ்வாறாயின் எண் கூடிய விசிறியைப் பூட்டினால் வேகமும் கூடாதோ என்னும் வினா எழும். கடுகண்ணாவை ஏற்றத்திற் பாரமேற்றிச் செல்லும் லொறியை நினைத்தால் விடை கிடைக்கும். சமநிலத்துக்குரிய கியரிலேயே அவ்வேற்றத்தில் ஏற முயன்றால், லொறி முக்கித் திணறி நின்றுவிடும். சாரதி கியரைக் குறைக்கின்றான். படகுக்கோ ஏற்றத்துக்கும் சமநிலத்துக்கும் வெவ்வேறு கியர் இல்லை. பூட்டிய விசிறி எதுவோ, அதுவே அதன் ஒரே கியர். வெறும் படகு ஓடுகையிற் சிறப்பாயிருந்த விசிறி, வலையும் பனிக்கட்டியும் ஆட்களும் ஏறியபின் பொருந்தாமற் போவது இதனாலேயே. ஆகவே விசிறியைத் தெரிவதற்குக் குதிரைவலு மாத்திரம் அளவுகோல் ஆகாது. படகு நாள்தோறும் சுமக்கும் பாரமே முதன்மையான அளவுகோல்.

புரியிடைத் தூரம் அளவுக்கு மிஞ்சினால், முழு விசை கொடுத்தும் இயந்திரம் தனக்குரிய சுற்றுக்களை எட்டாது. எரியறையிலே வெப்பம் மிகும், கரி படியும், முசலங்களும் அவற்றின் வளையங்களும் கெடும். அது குறைந்தாலோ, இயந்திரம் கீச்சென்று கதறித் தன் எல்லைக்கு மேலே சுழலும். உள்ளுறுப்புக்கள் தேய்ந்து முறியவுங் கூடும். முன்னையது அமைதியாக நடப்பதனால் எளிதிற் புலப்படாது. அதுவே கூடுதல் ஏமாற்றந் தருவது.

முழு விசையில் எத்தனை சுற்று இருத்தல் வேண்டும் என்பதை ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதனைச் செய்தோர் குறித்துள்ளனர். சுற்றளவி இல்லாத பழைய இயந்திரமாயின், தீப்பொறிச் செருகியின் கம்பியிலே சுற்றிவைக்கும் சிறு கருவியினால் அதனை அறியலாம். சோதனைக்கு அமைதியான நீர் வேண்டும். படகிலே வழக்கமான பாரம் இருத்தல் வேண்டும். பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரமாயின், மண்ணெண்ணெயில் ஓடும்போதே கணக்கெடுத்தல் வேண்டும். தொழில் நடப்பது அதிலேயன்றோ! காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக ஒருமுறையும், அவற்றோடு ஒருமுறையும் ஓட்டிச் சராசரி கொள்ளுதல் நன்று.

குறித்த எல்லை 4,500 முதல் 5,500 வரை என்றும், 11 அங்குலப் புரியிடை விசிறியோடு பாரமேற்றிய படகிற் கிடைத்தது 4,300 என்றும் கொள்வோம். புரியிடையில் ஓரங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 200 சுற்றுக் கூடும் என்பது கைகண்ட கணக்கு. எனவே 9 அங்குல விசிறி பூட்டினால், சுற்று 4,700 அளவுக்கு உயரும். எனினும் சோதனை அத்தோடு முடிவதில்லை. பாரம் இறக்கிய படகையும் ஒருமுறை ஓட்டி, சுற்று மேலெல்லையைத் தாண்டவில்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். தாண்டுமாயின், வெறும் படகாகச் செல்கையில் விசையைச் சற்றே அடக்கி ஓட்டல் வேண்டும். அல்லது இருவகை விசிறிகளை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

விட்டத்தை மாற்றுவது இதனிலும் அரிது. பெரிய விட்டமும் சிறிய புரியிடையும் பாரமான, மெதுவான படகுக்கு ஏற்றவை; ஆயினும் விசிறிக்கு மேலுள்ள தகட்டுக்கும் இதழ் நுனிக்கும் நடுவேயுள்ள இடைவெளி எவ்வளவு விட்டத்துக்கு இடந்தருமோ அதற்கு மேற் செல்ல இயலாது. அத்தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். மிக உயர்ந்தால், மேற்பரப்புக் காற்று விசிறிக்குள் இழுக்கப்பட்டு, இயந்திரம் வெறிதே சுழலும். அதனைக் கண்டு விசிறியிற் குறை காண்பது தவறான நோயறிதலாகும்.

பழைய இயந்திரங்களுக்கே உரிய சில விடயங்களும் உண்டு. அமெரிக்க உற்பத்தியாளர் 1980களின் நடுப்பகுதி வரை குதிரைவலுவை வளைதண்டிலே அளந்தனர். பின்னரே விசிறித் தண்டில் அளக்கும் வழக்கம் நிலைபெற்றது. பற்சில்லுகளில் இழக்கப்படும் வலு முந்திய கணக்கிற் கழிக்கப்படவில்லை. ஆதலால் பழைய 25 குதிரைவலுவையும் புதிய 25 குதிரைவலுவையும் ஒன்றெனக் கருதி, புதியதன் விசிறியைப் பழையதற்குப் பூட்டுதல் பொருந்தாது. இரண்டின் பற்சில்லு விகிதமும் வேறுபடலாம்.

விசிறியைத் தண்டோடு பிணைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பழைய சிறு இயந்திரங்கள் பலவற்றில் ஒரு மெல்லிய ஆணியே இரண்டையும் இணைக்கின்றது. விசிறி கல்லில் மோதினால் ஆணி அறுந்து பற்சில்லுகளைக் காப்பாற்றும். ஆணி அடிக்கடி அறுகின்றது என்று அதற்குப் பதிலாக வன்மையான இரும்பாணி செருகுவோர், மலிவான ஆணியை மிச்சம்பிடித்து விலையுயர்ந்த பற்சில்லைப் பலியிடுகின்றனர். பிந்திய இயந்திரங்களில் அவ்வேலையைக் குடத்தினுள் இருக்கும் றப்பர் செய்கின்றது. அது முதுமையடைந்து வழுகினால், இயந்திரம் உரத்துச் சுழன்றும் படகு நகராது. இதழ்களோ பழுதின்றியே காட்சியளிக்கும். புகை விசிறிக் குடத்தினூடே வெளியேறும் இயந்திரத்துக்கு, அவ்வழி திறந்துள்ள விசிறியையே பூட்டுதல் வேண்டும்.

அலுமினிய விசிறி மோதும்போது வளைந்து கொடுக்கும்; துருவேறா உருக்கு எளிதில் வளையாது. உருக்கு நெடுநாள் உழைக்குமாயினும், தாக்கத்தைத் தண்டுக்கும் பற்சில்லுக்கும் அனுப்பிவிடக்கூடும். களப்பிலும் பார்கள் நிறைந்த கரையிலும் ஓடும் பழைய இயந்திரத்துக்கு அலுமினியமே பெரும்பாலும் தக்கது. வளைந்த இதழைச் சுத்தியலால் நிமிர்த்தி ஓட்டினால் அதிர்வு உண்டாகி, நீர்காக்கும் அடைப்பு வளையங்கள் கெடும். திருத்திய விசிறியிற் பொறித்த எண் அதன்பின் உண்மை பேசும் என்பதற்கும் உறுதியில்லை.

யாவற்றுக்கும் முன்னர் இயந்திரத்தின் உடல்நலத்தை அறிதல் வேண்டும். ஒரு செருகி எரியாமையாலோ, ஓர் உருளையின் அமுக்கம் தளர்ந்தமையாலோ, படகின் அடியிற் பாசியும் சிப்பியும் படிந்தமையாலோ சுற்றுக் குறைந்திருக்கலாம். அக்குறையை மறைக்கச் சிறிய விசிறி பூட்டுவது நோயை விட்டு நோவை மட்டும் அடக்குவதாகும். இவற்றைச் சீர்செய்தபின்னரே புது விசிறிக்குப் பணம் செலவிடல் தகும்.

வாடைக் காற்று மூளும் வேளையில் மீன்பாரத்தோடு திரும்பும் படகு, திணறாமல் அலையேறிக் கரைசேர வேண்டும். வெறும் படகிற் காட்டிய உச்ச வேகம் அவ்வேளையில் உதவாது. பாரத்துக்கேற்பத் தெரிந்த விசிறியும், பெட்டியிலே ஒரு மாற்று விசிறி, சில ஆணிகள், அவற்றைக் கழற்றும் சாவி ஆகியவையும் உள்ள படகே அந்நேரத்தில் ஆபத்துக்கு உதவும்.