நம்பிக்கையும் விளக்கமும்: வரி குறித்த பழைமைவாத நிலைப்பாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

பழைமைவாதிகள் தம் அரசியல் நம்பிக்கைகளுக்குக் காரணம் கூற இயலாதவர்கள் என்னும் குற்றச்சாட்டு ஆங்கில உலகில் நெடுநாளாக வழங்கி வருகிறது. சொல்லில் அடங்காத அனுபவ அறிவே தம் நிலைப்பாட்டின் அடித்தளம் எனப் பழைமைவாதச் சிந்தனையாளர்கள் அதற்கு விடையிறுத்துள்ளனர். அவ்விடை வரி என்னும் பொருளில் எந்த அளவு செல்லும் என்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரி விவாதங்களைக் கொண்டும், இராஜாஜியின் வரிக்கொள்கையைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பழைமைவாதம், வரி, விளக்கம், பர்க், எஸ்டேட் வரி, கலிபோர்னியா, இராஜாஜி

முன்னுரை

1861இல் வெளிவந்த தம் நூலொன்றில் ஜான் ஸ்டூவர்ட் மில், பிரித்தானியக் கன்சர்வேடிவ் கட்சியைக் கட்சிகளுள் மிகவும் மதி குறைந்தது எனப் பொருள்படக் குறிப்பிட்டார். 1866இல் நாடாளுமன்றத்தில் அது குறித்துக் கேள்வி எழுந்தபோது, பழைமைவாதிகள் எல்லாரும் மதி குறைந்தவர்கள் என்பது தம் கருத்தன்று, மதி குறைந்தவர்கள் பெரும்பாலும் பழைமைவாதிகளாக இருக்கிறார்கள் என்பதே தம் கருத்து என்று விளக்கினார். விளக்கம் குற்றச்சாட்டைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1950இல், அமெரிக்கத் திறனாய்வாளர் லயனல் டிரில்லிங், தம் நாட்டில் பழைமைவாதம் ஒரு மனப்போக்காக உள்ளதேயன்றிக் கருத்துகளாக வடிவம் பெறவில்லை என்றார். மூன்றாண்டுகளில் ரஸ்ஸல் கிர்க்கின் நூலும், ஐந்தாண்டுகளில் வில்லியம் பக்லியின் ‘நேஷனல் ரிவ்யூ’ இதழும் வெளிவந்து அக்கூற்றுக்கு மறுப்பாயின.

இருப்பினும் வினா மறையவில்லை. சிந்தனையாளர் சிலர் நூல் எழுதுவதும், அந்நிலைப்பாட்டுக்கு வாக்களிக்கும் இலட்சக்கணக்கானோர் அதனை விளக்க வல்லவராக இருப்பதும் வேறுவேறு. தமிழில் ‘பழைமைவாதம்’ என்னும் சொல் பெரும்பாலும் பழிச்சொல்லாகவே வழங்குகிறது. சமூக நிறுவனங்களை விரைந்து மாற்றுவதில் ஐயமும், தனியுடைமையில் மதிப்பும், அரசின் விரிவில் அச்சமும் கொண்ட அரசியல் நோக்கு என்னும் பொருளிலேயே அச்சொல் இங்கு ஆளப்படுகிறது.

விளக்கம் என்பதன் இரு பொருள்

‘உன் நம்பிக்கையை விளக்குக’ என்னும் கோரிக்கை இரண்டு வேறு செயல்களைக் குறிக்கக்கூடும். ஒன்று, அதை ஏன் சரியெனக் கொள்கிறாய் என்பதற்குக் காரணம் கூறுதல். மற்றொன்று, அது நடைமுறையில் எவ்வாறு செயல்படும் என்பதைப் படிப்படியாக எடுத்துரைத்தல். முதலாவதில் வல்லவர் இரண்டாவதில் தடுமாறுவது இயல்பு.

2002இல் ரோசன்பிளிட், கைல் ஆகியோர் வெளியிட்ட உளவியல் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஜிப், பூட்டு முதலிய அன்றாடப் பொருள்கள் இயங்கும் முறை தமக்குத் தெரியும் என எண்ணியோர், அதை எழுதி விளக்குமாறு கேட்கப்பட்டதும் தம் அறிவைத் தாமே குறைத்து மதிப்பிட்டனர். ஃபெர்ன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் இதே முறையை அரசியல் கொள்கைகளுக்குப் பயன்படுத்தினர். எல்லா வருமானத்துக்கும் ஒரே வீதத்தில் வரி விதித்தல் அவர்கள் எடுத்துக்கொண்ட கொள்கைகளுள் ஒன்று. கொள்கை செயல்படும் முறையை விளக்க முயன்றோர் தம் புரிதலைக் குறைத்து மதிப்பிட்டதுடன், தம் நிலைப்பாட்டின் தீவிரத்தையும் குறைத்துக்கொண்டனர் என்பது அவர்களது முடிவு. 2021இல் கிராஃபோர்ட், ரூசியோ ஆகியோர் இவ்வாய்வை மீண்டும் செய்து பார்த்தபோது முதற்பகுதி உறுதிப்பட்டது; இரண்டாம் பகுதி உறுதிப்படவில்லை. அதாவது, தமக்கு விளங்கவில்லை என உணர்ந்தவர்களும் தம் நிலைப்பாட்டைத் தளர்த்தவில்லை. இவ்வாய்வுகளில் பங்கேற்றோர் ஒரு கட்சியினர் அல்லர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வாக்காளரின் கருத்தமைப்பு குறித்து 1964இல் பிலிப் கான்வர்ஸ் வெளியிட்ட கட்டுரையும் இதையே வேறு வகையில் கூறுகிறது. 1956ஆம் ஆண்டு நேர்காணல்களில் தாராளவாதம், பழைமைவாதம் என்னும் கருத்தாக்கங்களைத் தெளிவாகக் கையாண்டு கட்சிகளை மதிப்பிட்டோர் 2.5 விழுக்காட்டினரே. விளக்க இயலாமை ஒரு தரப்பின் தனிக்குறை என்னும் மில்லின் கருத்துக்கு இதில் சான்றில்லை. எதிர்த்தரப்பின் அறநோக்கை ஊகித்துக் கூறுவதில் தாராளவாதிகளைவிடப் பழைமைவாதிகளும் நடுநிலையினரும் துல்லியமாக இருந்தனர் என்று கிரஹாம், நோசெக், ஹைட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தம்மை விளக்குவதும் பிறரை விளக்குவதும் ஒரே திறன் அன்று என்பதால், இதைப் பழைமைவாதத்துக்குக் கிடைத்த நற்சான்றாகக் கொள்வதும் மிகையாகும்.

சொல்லில் அடங்காத அறிவு

பழைமைவாதிகளின் தனித்தன்மை வேறோர் இடத்தில் உள்ளது. விளக்க இயலாமையை ஏனையோர் குறையாகக் கருத, அவர்கள் அதற்கே ஒரு கோட்பாடு வகுத்துள்ளனர். 1790இல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய எட்மண்ட் பர்க், வழிவழி வரும் முற்சாய்வுகளில் தலைமுறைகளின் பட்டறிவு உறைந்துள்ளது என்றும், தனி மனிதனின் பகுத்தறிவு அதனோடு ஒப்பிடச் சிறிது என்றும் வாதிட்டார். மைக்கேல் ஓக்ஷாட் அறிவை இரு வகையாகப் பிரித்தார். விதிகளாக எழுதத்தக்கது ஒன்று. செய்து செய்தே கைவருவது மற்றொன்று. சமையல் நூலை மட்டும் படித்தவர் சமையற்காரர் ஆவதில்லை என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. கைப்பக்குவம் என்னும் சொல்லை அன்றாடம் புழங்கும் தமிழ் வாசகருக்கு இதில் புதுமை இருக்காது.

இவ்வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. திருமணம், மொழி, வழிபாடு, உள்ளூர் வழக்கம் ஆகியன எவராலும் திட்டமிட்டு வகுக்கப்படாமல் வளர்ந்தவை. அவற்றைப் பேணுபவரிடம் பயன்பாட்டுக் கணக்கு கேட்பது பொருந்தாது எனலாம். ஆனால் ஃபிரெட்ரிக் ஹையக் 1960இல் இதன் எல்லையையும் சுட்டினார். மாற்றத்தை மெல்லச் செய் என்று கூறும் பழைமைவாதம், எத்திசையில் செல்வது என்பதற்குத் தனக்கென விடை கொண்டதில்லை என்பது அவர் குறை. சந்தைப் பொருளாதாரத்தை ஆதரித்தவரும், வருமானம் உயர வரிவீதமும் உயரும் முறையை எதிர்த்தவருமான ஹையக், தம்மைப் பழைமைவாதி என அழைக்க மறுத்தது இதனாலேயே.

வரியில் அவ்வாதம் செல்லுமா?

வரி வளர்ந்த வழக்கம் அன்று. சட்டமன்றத்தில் எண்ணோடு இயற்றப்படுவது. அதைக் குறைப்பதும் அவ்வாறே. எனவே ‘சொல்லில் அடங்காத அறிவு’ என்னும் பாதுகாப்பு இங்கே பெரிதும் வலுவிழக்கிறது. வரி குறைப்பவர் எத்தனை விழுக்காடு, யாருக்கு, இழப்பு எங்கிருந்து ஈடாகும் என்னும் வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

பர்க் இதை அறிந்திருந்தார். 1774 ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்றங்களின் மீதான தேயிலை வரியை நீக்குமாறு அவர் நாடாளுமன்றத்தில் பேசியபோது, வரி விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கோட்பாட்டு வழக்கிற்குள் புக மறுத்தார். முன்பு வணிகச் சட்டங்களே போதுமாயிருந்தன. புதிய வரியால் வந்த வருவாய் சிறிது, விளைந்த பகை பெரிது என்பதே அவரது வாதம். முன்வழக்கமும் விளைவும் சேர்ந்த இவ்விளக்கத்தைப் பழைமைவாத வரிவிளக்கத்தின் முன்மாதிரி எனக் கொள்ளலாம்.

கலிபோர்னியாவில் 1978 ஜூனில் ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்குகளுடன் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு இவ்வகையைச் சார்ந்தது. வீட்டு விலைகள் விரைந்து ஏறியபோது சொத்து மதிப்பீடும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்தோரின் வருமானம் ஏறவில்லை. விற்காத வீட்டின் விலையேற்றத்துக்கு ரொக்கமாக வரி கட்டுவது எப்படி என்று அவர்கள் கேட்டனர். ஹோவர்ட் ஜார்விஸ் முன்னின்று நடத்திய இவ்வியக்கம், சொத்து வரியை மதிப்பின் 1 விழுக்காட்டுக்குள்ளும், மதிப்பீட்டு உயர்வை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குள்ளும் கட்டுப்படுத்தியது. சொத்து கைமாறும்போதுதான் புது மதிப்பீடு. இருந்த இடத்தில் இருக்க விரும்பும் மனிதரைக் காப்பது என்னும் நோக்கம் எவராலும் ஓரிரு வாக்கியங்களில் விளக்கத்தக்கது.

செயல்முறையைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 50,000 டாலர் மதிப்பிட்ட வீட்டுக்காரர் முதலாண்டில் 500 டாலர் கட்டுகிறார் எனக் கொள்வோம். பத்தாண்டு கழித்து அவர் கட்டுவது ஏறத்தாழ 610 டாலர். அதே தெருவில் அதே அளவு வீட்டை அப்போது 200,000 டாலருக்கு வாங்கும் இளங்குடும்பம் கட்டுவது 2,000 டாலர். இக்காப்பு வணிக நிறுவனங்களின் சொத்துகளுக்கும் உண்டு; நிறுவனங்கள் முதுமையடைந்து ஓய்வூதியம் வாங்குவதில்லை. காரணம் தெளிவாகவும், செயல்முறை பெரும்பாலோர்க்கு மறைவாகவும் இருந்த நிகழ்வு இது.

இதற்கு மாறானது எஸ்டேட் வரி. இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தின் மீது அமெரிக்க நடுவணரசு 1916 முதல் இதனை விதித்து வருகிறது. (இந்தியாவில் 1953இல் வந்த எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது.) 2001ஆம் ஆண்டுச் சட்டம் இதனைப் படிப்படியாகக் குறைத்து 2010இல் ஓராண்டுக்கு இல்லாமல் செய்தது. அக்காலத்தில் இறந்தோருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரின் சொத்துகளே இவ்வரிக்கு உட்பட்டன. ஆனால் 2003இல் நேஷனல் பப்ளிக் ரேடியோவும் கைசர் அறக்கட்டளையும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தாரும் நடத்திய கருத்துக்கணிப்பில், பெரும்பாலான குடும்பங்கள் இதைச் செலுத்த வேண்டியுள்ளது என ஏறத்தாழப் பாதிப் பேர் எண்ணினர். செல்வர் குறைவாக வரி கட்டுகின்றனர் எனக் கருதியோருள்ளும் பெரும்பான்மையோர் இவ்வரியை நீக்கவே விரும்பினர் என்பதை லாரி பார்டெல்ஸ் 2005இல் காட்டினார். ‘இறப்பு வரி’ என்னும் பெயர் செய்த வேலை இதில் சிறிதன்று. எனினும் எல்லாவற்றையும் அறியாமையில் அடக்கிவிட முடியாது. ஈட்டும்போது ஒருமுறை வரி கட்டிய பொருளுக்கு, மக்களுக்குக் கொடுக்கும்போது மறுமுறை கட்டுவது முறையன்று என்னும் உணர்வு உண்மையானது. பெருஞ்சொத்துகளில் ஒரு பகுதி விற்கப்படாத பங்குகளின் விலையேற்றம் என்பதும், அதற்கு முன்பு வரியே கட்டப்படவில்லை என்பதும் சொல்லப்பட்டால் அவ்வுணர்வு என்னாகும் என்பதே வினா. கான்வர்ஸ் கண்ட வாக்காளரிடம் அச்செய்தி சென்று சேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது வகை, செயல்முறையையே வாதமாக முன்வைப்பது. ஆர்தர் லாஃபர் 1970களில் பரப்பிய கருத்து, மிக உயர்ந்த வரிவீதம் உழைப்பையும் முதலீட்டையும் குறைத்து வருவாயையே குறைக்கும் என்பது. தமக்கு முன்னோடியாக அவர் இப்னு கல்தூனைக் குறிப்பிடுவார். தமிழறிந்தோர்க்குப் பிசிராந்தையாரின் யானை நினைவுக்கு வரும். ஆயினும் அப்பாடல் வரி கொள்ளும் நெறியைப் பேசுகிறதே தவிர வீதக் கணக்கை அன்று.

லாஃபர் கூற்றைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று போதும். உச்ச வீதம் 70இலிருந்து 50 விழுக்காடாகக் குறைந்தால் (1981ஆம் ஆண்டுச் சட்டம் செய்தது இதுவே), அவ்வீதத்தில் வரும் வருவாய் குறையாதிருக்க அதற்கு உட்பட்ட வருமானம் 40 விழுக்காடு வளரவேண்டும். கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு டாலரிலும் கையில் நிற்பது 30 சென்டிலிருந்து 50 சென்டாக, அதாவது மூன்றில் இரண்டு பங்கு உயர்கிறது; ஊக்கம் பெரிது. 28 விழுக்காட்டை 20ஆகக் குறைத்தாலும் தேவைப்படும் வளர்ச்சி அதே 40 விழுக்காடுதான். ஆனால் கையில் நிற்பது 72 சென்டிலிருந்து 80 சென்டாக, ஒன்பதில் ஒரு பங்கே உயர்கிறது. 70 விழுக்காட்டில் ஓரளவு பொருள்பட்ட விளக்கம், வீதம் ஏற்கெனவே குறைந்த பின் பொருளிழக்கிறது. இவ்வேறுபாட்டை விளக்கவல்லவர் பழைமைவாதியாகவே இருக்கலாம். எவ்வீதத்திலும் குறைப்பே நன்று என்பவர் விளக்கத்தைவிட்டு உறுதிமொழிக்கு வந்துவிட்டார். எந்நிலையிலும் வருமான வரிவீதத்தை உயர்த்துவதில்லை என்று வேட்பாளரிடம் கையொப்பம் பெறும் வழக்கத்தை க்ரோவர் நார்க்விஸ்ட் 1986இல் தொடங்கிவைத்தார்.

இதற்கு மறுபக்கமும் பழைமைவாதிகளிடமே உண்டு. கேன்சஸ் மாநிலத்தில் ஆளுநர் சாம் பிரவுன்பேக் 2012இல் பெருமளவு வரியைக் குறைத்தார். எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை, வருவாய் வீழ்ந்தது. 2017இல் அவர் கட்சியே பெரும்பான்மை கொண்டிருந்த சட்டமன்றம், அவரது தடையாணையை மீறி அக்குறைப்பின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. பர்க்கின் பேச்சை அவ்வுறுப்பினர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. செய்தது அவர் வழி.

இராஜாஜி: விதித்தவரும் எதிர்த்தவரும்

இவ்வினாவிற்குச் சென்னையோடும் தொடர்புண்டு. 1959இல் இராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சியை ஹோவர்ட் எர்ட்மன் 1967இல் வெளியிட்ட தம் நூலில் இந்தியப் பழைமைவாதத்தோடு சேர்த்தே ஆராய்ந்தார். உரிம–அனுமதி ஆட்சி எனத் தாம் பெயரிட்டதை எதிர்த்த இராஜாஜி, தாங்கொணா வரிகளையும் அளவிறந்த பற்றாக்குறை நிதியையும் எதிர்ப்பதைக் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுள் சேர்த்தார். ஆனால் இருபதாண்டுகளுக்கு முன், 1939இல், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலில் கொண்டுவந்தவரும் அவரே.

இதை முரண்பாடு எனக் கொள்வது எளிது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. கள், சாராயக் கடைகளால் வந்த வருவாய் நின்றது; அவ்விடத்தை நிரப்ப விற்பனை வரி வந்தது. எவ்வருவாய் போயிற்று, எது அதற்கு ஈடு, அதற்கான அறக்காரணம் யாது என்னும் மூன்றும் அதில் உண்டு. வரியின் செயல்முறையும் காரணமும் ஒரே இடத்தில் நின்ற அரிய நிகழ்வு எனலாம். 1959இல் அவர் எதிர்த்ததோ, செலவை முதலில் தீர்மானித்து வரியைப் பின்னர்த் தேடும் திட்டமிடலை. இரண்டையும் இணைப்பது வரியின் மீதான விருப்போ வெறுப்போ அன்று. வரி எதற்கு ஈடாக வருகிறது என்னும் கணக்கு.

மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்து, 1971இல் தமிழ்நாட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. இராஜாஜி அதனைக் கடுமையாக எதிர்த்தார். மறு ஆண்டு மறைந்தார். மது வருவாய்க்கு ஈடாக வந்த விற்பனை வரி, அவ்வருவாய் திரும்பிய பின்னும் நீக்கப்படவில்லை.