தோராஜா மக்களின் ஈமச்சடங்கு: மதம் மாறியது, வழக்கம்?

நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சுலாவேசி தீவில், மலைப்பகுதியில் வாழ்பவர்கள் தோராஜா மக்கள். அங்கே உயிர் பிரிந்தவரை உடனே இறந்தவர் என்று சொல்வதில்லை. 'தோ மகுலா', அதாவது நோயாளி என்கிறார்கள். வீட்டிலேயே கிடத்தி, வேளாவேளைக்கு உணவும் வைப்பார்கள். மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்து, எருமைகளைப் பலியிட்டுச் சடங்கு நடக்கும்போதுதான் அவர் இறந்தவர் ஆகிறார். ஆன்மாவை 'புயா' என்னும் மறுவுலகுக்குக் கொண்டு சேர்ப்பவை அந்த எருமைகளே என்பது 'அலுக் தோ டோலோ' எனும் மூதாதையர் நெறி.

1906-இல் டச்சுக்காரர்கள் அம்மலைகளைக் கைப்பற்றினர். 1913-இல் வந்த பாதிரியார் அந்தோனி வான் டி லூஸ்ட்ரெக்ட் 1917-இல் கொல்லப்பட்டார். சடங்கை அடியோடு ஒழிக்க முடியாது என்று சமயப் பரப்பாளர்கள் உணர்ந்தார்கள் போலும். அதை இரண்டாகப் பிரித்தார்கள். படையலும் மந்திரமும் சமயம், ஆகவே கூடாது. எருமை வெட்டி இறைச்சியைப் பங்கிடுவது 'அடாட்', அதாவது வழக்கம், செய்யலாம்.

என்னைக் கேட்டால், மதமாற்றத்தைவிடப் பெரிய மாற்றம் இதுதான். அதற்குமுன் அம்மக்கள் சமயத்தையும் வழக்கத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை. இன்று பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள். கடன் வாங்கியாவது எருமை வெட்டுகிறார்கள். ஆனால், ஆன்மாவின் வாகனம் என்ற பொருள் மங்கி, குடும்ப மானமே மேலோங்கி நிற்கிறது. பழைய மந்திரங்களை ஓதும் 'தோ மினா' பூசாரிகளும் அருகிவிட்டார்கள்.

நமக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று. 1969-இல் இந்தோனேசிய அரசு அலுக் நெறியை இந்து தர்மத்தின் கிளையாக அங்கீகரித்தது. மதம் மாறாதவர்களும் வேறொரு மதத்தின் பெயரில்தான் பதிவானார்கள்.