பாயசத்துத் திராட்சையும் குழம்புப் புளியும்: சிறிய நாய்களுக்கு எந்தப் பழம் ஆகும், எது ஆகாது?

தேக்கா நிலையத்திலும் பஃபலோ சாலையோரக் கடைகளிலும் வாழை, பப்பாளி, மாம்பழம், கொய்யா, சப்போட்டா என்று பழங்கள் குவிந்திருக்கின்றன. வாங்கி வந்ததை வீட்டில் அறுக்கும்போது, காலடியில் நின்று முகத்தையே பார்க்கும் நாய்க்கும் ஒரு துண்டு போடாமல் இருக்கப் பலருக்கு மனம் வருவதில்லை.

பழம் கொடுப்பதில் தவறில்லை. பல பழங்கள் நாய்களுக்கு ஒத்துக்கொள்கின்றன. ஆனால், உயிருக்கே உலை வைக்கக்கூடிய இரண்டு பொருள்கள் தமிழர் சமையலறையில் நாள்தோறும் புழங்குகின்றன. ஒன்று, பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை. மற்றொன்று, குழம்புக்கும் ரசத்துக்கும் கரைக்கும் புளி. இரண்டையும் பழமாகவே யாரும் நினைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

சிறிய உடல், சிறிய அளவு

சிங்கப்பூரில் வீவக வீட்டில் பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட 62 சிறிய இனங்களுள் ஒன்றைச் சேர்ந்த ஒரு நாயை வளர்க்கலாம். ஷிட்சு, பொமரேனியன், சிவாவா, மால்டீஸ், டாய் பூடில் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றில் பல ஐந்து கிலோகூட இருப்பதில்லை.

நான்கு கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கலோரி போதும். நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் சுமார் 100 கலோரி இருக்கிறது. முழுப் பழத்தையும் கொடுத்தால் அதன் ஒருநாள் உணவில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே முடிந்துவிடும். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஆறேழு வாழைப்பழம் தின்பதைப் போன்றது இது.

தின்பண்டம், பழம் எல்லாம் சேர்த்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது விலங்கு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. நான்கு கிலோ நாய்க்கு அது 30 கலோரி. நாய்க்கென விற்கும் பிஸ்கட்டைக் காலையில் கொடுத்திருந்தால் மாலையில் பழத்தைக் குறைக்க வேண்டும்.

திராட்சையில் என்ன இருக்கிறது?

திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நச்சுக் கட்டுப்பாட்டு நிலைய மருத்துவர்கள் 2001ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். அதையடுத்து, 1992 முதல் 2002 வரை திராட்சையால் சிறுநீரகம் பழுதான 43 நாய்களைப் பற்றிய ஆய்வு 2005ல் வெளிவந்தது. அவற்றில் 23 மட்டுமே பிழைத்தன.

அந்த ஆய்வில் பதிவான ஆகக் குறைந்த அளவு, நாயின் எடையில் கிலோவுக்கு 2.8 கிராம் உலர்திராட்சை. பச்சைத் திராட்சையானால் கிலோவுக்கு ஏறத்தாழ 20 கிராம். நான்கு கிலோ நாய்க்குக் கணக்கிட்டால் சுமார் 11 கிராம் உலர்திராட்சை, அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு. பச்சைத் திராட்சையில் பதினைந்து பழம்.

இதைப் ‘பாதுகாப்பான எல்லை’ என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு நாய் ஒரு கைப்பிடி தின்றும் நன்றாக இருக்கும். இன்னொன்று அதைவிடக் குறைவாகத் தின்று படுத்துவிடும். இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பது இருபது ஆண்டுகளாகப் புதிராகவே இருந்தது.

விடைக்கான துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. வீட்டில் பிள்ளைகள் விளையாடப் பிசைந்து வைத்த களிமாவைத் தின்ற நாய்க்கும் திராட்சை தின்றதைப் போலவே சிறுநீரகம் பழுதானது. அந்த மாவில் ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ எனப்படும் வெள்ளைத் தூள் சேர்க்கப்பட்டிருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அதே அமிலம் மிகுதி. அதுவே நஞ்சாக இருக்கலாம் என்று அதே நிலையத்தின் மருத்துவர்கள் 2021ல் தெரிவித்தனர்.

டார்டாரிக் அமிலத்தின் அளவு திராட்சை வகைக்கு வகை, பழுத்த பக்குவத்துக்கேற்ப மாறும். ஒரு நாய் தப்புவதற்கும் மற்றொன்று மாட்டிக்கொள்வதற்கும் அது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நாய்கள் மனிதர்களைப் போல அந்த அமிலத்தைச் சிறுநீரகத்திலிருந்து எளிதில் வெளியேற்ற முடியாமல் போவதே பாதிப்புக்குக் காரணம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நம் வீட்டுப் புளி

டார்டாரிக் அமிலம் நிறைந்த மற்றொரு பழம் புளி. புளி தின்றபின் நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதான சம்பவங்களும் 2022ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்றன. மேலை நாடுகளில் புளி அன்றாடப் பொருளன்று. நம் வீடுகளில் அப்படியில்லை.

கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மூடாமல் விடுவது, புளியோதரை கலந்த தட்டைக் கீழே வைப்பது, மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைக் கடைசியில் நாய்க்கு வைப்பது ஆகியவை எல்லா வீட்டிலும் நடக்கக்கூடியவை. புளி மிட்டாய், புளிச்சாறு சேர்த்த மீ சியாம், அசாம் மீன் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கும். அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை.

உலர்திராட்சை ஒளிந்திருக்கும் இடங்கள் இன்னும் அதிகம். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், லட்டு, பிரியாணி, பஞ்சாமிர்தம், கிறிஸ்துமஸ் கேக் என்று அந்தப் பட்டியல் நீளும். கோயிலிலிருந்து கொண்டுவரும் பிரசாதத்தில் ஒரு வாய் நாய்க்கும் கொடுப்பது அன்பினால்தான். தீபாவளி, பொங்கல் நாள்களில் வரும் விருந்தினர் ஆளுக்கொரு வாய் கொடுத்தால், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமலே அளவு கூடிவிடும்.

“தோட்டத்தில் வளர்த்த நாய் எதைத் தின்றும் நன்றாகத்தானே இருந்தது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. லயத்து வாசலில் வளர்ந்த அந்த நாய்கள் இந்தப் பொமரேனியனைப் போலப் பல மடங்கு எடையுள்ளவை. நாள் முழுவதும் ஓடித் திரிந்தவை. அவற்றில் ஒன்று சோறு தின்னாமல் சுருண்டு படுத்து இறந்துபோனால், சிறுநீரகம் பழுதானதா என்று இரத்தம் எடுத்துப் பார்த்தவரும் இல்லை.

தாராளமாகக் கிடைப்பவை, அளவோடு கொடுக்கக்கூடியவை

நான்கு கிலோ நாய்க்கு ஒரு நாளில் கீழ்க்காண்பவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொடுக்கலாம். இவை உச்ச அளவுகள். தினமும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

வாழை: நடுத்தரப் பழத்தில் நான்கில் ஒரு பங்கு.

ஆப்பிள்: தோராயமாக 50 கிராம். விதையையும் நடுத்தண்டையும் நீக்க வேண்டும். விதையைக் கடித்தால் சயனைடு சிறிதளவு வெளிப்படும்.

பப்பாளி: 70 கிராம் வரை. தோலும் விதையும் கூடாது.

தர்பூசணி: கலோரி குறைவு என்பதால் 100 கிராம்வரை கணக்கு இடம் கொடுக்கும். ஆனாலும், வயிறு இளகாமல் இருக்க அதில் பாதி போதும். விதையும் தடித்த தோலும் நீங்க வேண்டும்.

மாம்பழம்: சதை மட்டும் 50 கிராம். தோல் சில நாய்களுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

கொய்யா, சப்போட்டா: 35 முதல் 40 கிராம். விதை நீக்கியது.

டிராகன் பழமும் ஆகும். சிவப்பு வகையைத் தின்ற மறுநாள் மலம் சிவந்திருந்தால், அது இரத்தம்தானோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. பழத்தின் நிறமாகவும் இருக்கலாம். பழம் கொடுக்காத நாளில் அப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்தப் பழமானாலும் முதன்முறை கடலை அளவில் இரண்டு மூன்று துண்டு கொடுத்து, ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. சிறிய நாய்களின் தொண்டை குறுகலானது. பக் போன்ற சப்பை முக நாய்கள் மெல்லாமல் விழுங்கும். துண்டு சிறியதாக இருப்பது முக்கியம்.

கொட்டை உள்ளவையும் கொழுப்பு உள்ளவையும்

ரம்புத்தான், லோங்கான், லைச்சி ஆகியவற்றின் சதையைவிட கொட்டைதான் ஆபத்து. வழுவழுப்பான கொட்டை தொண்டையில் சிக்கும் அல்லது குடலை அடைக்கும். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் அப்படியே. குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். மாங்கொட்டையை நாய்க்குச் சப்பக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

டுரியான் பருவத்தில் வீடே மணக்கும்போது நாயும் மோப்பம் பிடித்து வரும். நூறு கிராம் டுரியானில் 150 கலோரிக்கு அருகில் இருக்கிறது. கொழுப்பும் உண்டு. ஒரு சுளையே நான்கு கிலோ நாயின் பழக் கணக்கைத் தாண்டிவிடும். கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களுக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும். மினியேச்சர் ஷ்னாவ்சர் இனத்துக்கு அந்த அபாயம் கூடுதல். தேங்காய், வெண்ணெய்ப் பழம் ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகத் தவிர்ப்பது நல்லது.

நட்சத்திரப் பழத்தை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள ஆக்ஸலேட் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ள மனிதர்களுக்கும் அது விலக்கப்பட்ட பழம்.

பேரீச்சை போன்ற உலர்பழங்களில் சர்க்கரை செறிந்திருக்கும். பாகில் ஊறிய டின் பழமும் பழச்சாறும் வேண்டாம். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்களுக்கு எந்தப் பழத்தையும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுதியிருக்கும் பழமிட்டாய்களில் சைலிட்டால் என்னும் இனிப்பு இருக்கக்கூடும். அது நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் சரியச் செய்யும், கல்லீரலையும் கெடுக்கும். சிங்கப்பூரில் 2004 முதல் மருந்தகங்களில் விற்க அனுமதிக்கப்பட்ட, பல்நலத்துக்கான மெல்லும் கோந்திலும் அது இருக்கலாம். கைப்பையைத் தரையில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

திராட்சையோ புளியோ தின்றது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்கக்கூடாது. உடனே விலங்கு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: நாயின் எடை, தின்ற பொருளும் அதன் அளவும், தின்ற நேரம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருந்து கொடுத்து வாந்தியெடுக்க வைத்து, நஞ்சின் பெரும்பகுதியை வெளியேற்ற வாய்ப்புண்டு. பிறகு, சிறுநீரகத்தைக் காக்க இரண்டு மூன்று நாள்கள் சொட்டு நீர் ஏற்றுவார்கள். இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டக்கூடாது. அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் மருத்துவர் சொல்லாமல் ஊற்றக்கூடாது.

முதல் நாளுக்குள் வாந்தி, சோர்வு, உணவில் நாட்டமின்மை, வயிற்று வலி ஆகியவை தோன்றும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் குறைந்து நின்றுபோவது மோசமான அறிகுறி. வாந்தி நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு.

சிங்கப்பூரில் 24 மணி நேர விலங்கு மருத்துவமனைகள் உள்ளன. அருகிலுள்ள ஒன்றின் எண்ணை இன்றே குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம். ஜொகூர், பேராக் தோட்டப்புறங்களில் உறவினர் வீட்டுக்கு நாயை அழைத்துச் செல்பவர்கள், பக்கத்து நகரில் எந்த மருத்துவமனை இரவில் திறந்திருக்கும் என்பதைப் புறப்படும் முன்னரே கேட்டுவைப்பது நல்லது.

அந்த எண்ணுக்குக் கீழேயே திராட்சை, உலர்திராட்சை, புளி, நட்சத்திரப் பழம், வெங்காயம், பூண்டு என ஆகாதவற்றின் பெயர்களையும் எழுதி ஒட்டலாம். வீட்டில் பாட்டி, தாத்தா, பிள்ளைகள், பணிப்பெண் என எல்லாருமே நாய்க்கு ஊட்டுகிறார்கள். படிக்க முடியாதவர்களுக்கு வாய்ப்பட வாசித்துக் காட்ட வேண்டும். பாயசம் பரிமாறும் நாளில் நாய்க்கென்று இரண்டு துண்டு வாழைப்பழத்தை முன்கூட்டியே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால், கொடுக்க நினைப்பவரும் ஏமாறமாட்டார், அதுவும் ஏமாறாது.