இரண்டு கணக்கிலும் சேராத பெண்கள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பும் விதி அவர்களையே வெளியேற்றியது. 1976இல் வந்த தீர்ப்பு விசித்திரமானது. நிறுவனத்தில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள், எனவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதற்கென ஏற்கெனவே நடக்கும் வழக்கில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் இணைத்துத் தனி உரிமை கோர முடியாது என்றது நீதிமன்றம். அங்கே வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள் என்பது அந்தக் கணக்கில் காணாமல் போனது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். அதே ஓட்டை மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அங்கே அது உயிரைப் பறிக்கிறது.

2023இல் அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களின் 1 லட்சம் பிரசவங்களுக்கு 14.5 தாய்மார்கள் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார்களில் இந்த எண்ணிக்கை 50.3. வறுமைதான் காரணம், இனமல்ல என்று சிலர் சொல்வதுண்டு. வறுமைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2007 முதல் 2016 வரையிலான இறப்புகளை அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தபோது, கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைப்போல் 1.6 மடங்கு இருந்தது. படிப்பு காப்பாற்றவில்லை; புகழும் அப்படித்தான். 2017இல் குழந்தை பெற்ற மறுநாள் மூச்சுத் திணறிய டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த முன்வரலாறு உண்டு. ஸ்கேன் எடுக்கச் சொல்லி அவர் வற்புறுத்தியும், வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்றே செவிலியர் முதலில் நினைத்தார். ஸ்கேன் எடுத்தபோது கட்டிகள் இருந்தன. உலகமறிந்த வீராங்கனையின் சொல்லுக்கே அவ்வளவு மதிப்பு என்றால், பெயர் தெரியாத பெண்ணின் சொல் எங்கே எடுபடும்? உயர் ரத்த அழுத்தம் போன்ற நோய்கள் கறுப்பினப் பெண்களிடம் அதிகம் என்ற வாதமும் உண்டு. உண்மைதான், ஆனால் கர்ப்பம் சார்ந்த இறப்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று அரசின் ஆய்வுக்குழுக்களே கண்டிருக்கின்றன. நோய் இருப்பது வேறு, அதைக் கவனிக்காமல் விடுவது வேறு.

இந்த இறப்புகளில் பாதிக்கும் மேல் பிரசவமாகி ஒரு வாரத்துக்குப் பின், ஓராண்டுக்குள் நேர்கின்றன. அதாவது, தாய் வேலைக்குத் திரும்பும் காலத்தில். 1993ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தரும் 12 வார விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. 50 பேருக்குக் குறைவாக உள்ள தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்துவதும் இல்லை. குறைந்த கூலி வேலைகளில் கறுப்பினப் பெண்கள் குவிந்திருப்பதும் தற்செயலல்ல. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் செய்த வீட்டுவேலையும் பண்ணைவேலையும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன; வீட்டுவேலை செய்வோர் சட்டத்துக்குள் வர 1974 ஆயிற்று. சம்பளமில்லாத விடுப்பை அவர்களில் எத்தனை பேரால் எடுக்க முடியும்? தலைவலி, கால்வீக்கம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். மருத்துவமனைக்குள் மாற்றுவழி இல்லாமலில்லை: கலிபோர்னியா மருத்துவமனைகள் பிரசவ ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டு, எடைபோட்டு அளக்கத் தொடங்கின. யாருடைய வலியை நம்புவது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. தராசு எல்லோருக்கும் ஒரே எடையைத்தான் காட்டும்.